புல்லு வெட்டுற டெக் இறுகிப்போச்சா? திருகோணமலைப் பக்கம் என்னட்ட அடிக்கடி கேக்கிற கேள்விகள்

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஹோட்டல் தோட்டம், பள்ளிக்கூட கிரவுண்ட், தென்னங்காணி எண்டு சின்ன ட்ரக்டரால புல்லு வெட்டிக் குடுக்கிறதுதான் என்ட வேலை. மெசின் திருத்துறது நான் எங்கயும் போய்ப் படிச்சதில்ல, உடைச்சு உடைச்சுப் பழகினது. மாரி முடிஞ்சு பங்குனி பிறந்தா எனக்கு ஃபோன் தொடங்கிரும். சீசனுக்கு முதல் தோட்டத்த வெட்டி வடிவாக்கோணும் எண்டு எல்லாரும் அந்த ரெண்டு மூண்டு கிழமைக்குள்ளதான் கொட்டிலுக்குள்ள கிடந்த ட்ரக்டர வெளிய எடுக்கிறாங்க, எடுத்தா டெக் சுத்தாது. ஒவ்வொருத்தருக்கும் ஒரே கதையத் திருப்பித் திருப்பிச் சொல்லி வாய் நொந்துபோச்சு, அதான் எழுதி வைக்கிறன். ஆக்கள் கேட்ட மாதிரியே கேள்வியப் போட்டிருக்கிறன்.

டெக் டெக் எண்டு சொல்றீங்களே, அது எது?

ட்ரக்டர்ட வயித்துக்குக் கீழ, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவில கவிழ்த்த தாச்சி மாதிரி தொங்குதே, அந்த இரும்புக் கவசமும் அதுக்குள்ள இருக்கிற சாமானும் சேந்ததுதான் டெக். உள்ளுக்க 2 அல்லது 3 பிளேட் இருக்கும், ஒவ்வொரு பிளேட்டும் ஒவ்வொரு ஸ்பிண்டில்ல பூட்டியிருக்கும், ஸ்பிண்டில் எண்டா மேலயும் கீழயும் பெயரிங் போட்ட ஒரு குட்டை ஷாஃப்ட். எஞ்சின்ட சுத்த வெளியச் சாமானுக்குக் குடுக்கிற முனையத்தான் பீரீஓ (PTO) எண்டுறது, ட்ரக்டர்ட நடு பீரீஓவில இருந்து ஒரு ஷாஃப்ட் டெக்கில உள்ள கியர் பொக்ஸுக்கு வரும், அதில இருந்து பெல்ட் போய் மற்றக் கப்பிகளச் சுத்தும். சில டெக்கில பெல்ட்டே இல்ல, முழுக்க கியர்தான். நடு பீரீஓ கூடுதலான சின்ன ட்ரக்டர்ல நிமிசத்துக்கு 2000 தொடக்கம் 2500 சுத்து, பின்னால இருக்கிறது 540. இத எதுக்குச் சொல்றன் எண்டா, இந்த வேகத்தில ஓடுற சாமான் ஒண்டு திடீரெண்டு நிண்டா அந்த அடி எங்கயோ போய்ச் சேரத்தான் வேணும், பெல்ட்டா கியரா எண்டதுதான் கேள்வி.

அண்ணே, வெட்டிக்கொண்டு இருக்கேக்க சடார் எண்டு நிண்டுட்டு. முதல் என்ன செய்யிறது?

பீரீஓவ ஓஃப் பண்ணுங்க. டெக்க இறக்குங்க, ஹேண்ட் பிரேக்கப் போடுங்க, எஞ்சின நிப்பாட்டுங்க, சாவியக் கழட்டி உங்கட சேர்ட் பொக்கெட்டுக்குள்ள வையுங்க. சாவி ட்ரக்டர்ல இருக்கக் கூடாது, ஏனெண்டா நீங்க கீழ படுத்துக் கிடக்கேக்க ஆரோ ஒரு பொடியன் "அண்ணே ஸ்டார்ட் பண்ணிப் பாக்கட்டா" எண்டு கேட்டுக்கொண்டே திருப்பிருவான், எனக்கு நடந்திருக்கு, கடவுளேயெண்டு அண்டைக்கு பீரீஓ ஓஃப்ல கிடந்தது.

திருப்பி பீரீஓவப் போட்டு "அறுத்துக்கொண்டு போயிரும்" எண்டு மட்டும் பாக்காதேங்க. நான் பாத்திருக்கிறன். நிலாவெளியில ஒரு ஹோட்டல்ல, வெள்ளைக்காரர் காலமச் சாப்பாட்டுக்கு இருக்கேக்க, டெக் நிண்ட உடன திருப்பியும் போட்டன், இன்னொருக்காலும் போட்டன், மூண்டாந்தரம் பெல்ட் எரிஞ்சு றப்பர் மணமும் புகையும் சாப்பாட்டு மேசைப் பக்கமா போச்சு. பிறகு பாத்தா உள்ளுக்க கிடந்தது ஒரு முழம் வலைக்கயிறு. 10 நிமிச வேலைக்கு ஒரு பெல்ட்டும் மூண்டு நாளும் போச்சு, மனேச்சர்ட முகம் வேற.

கீழ போறதுக்கு முதல் டெக்கையோ ட்ரக்டரையோ ஹைட்ரோலிக் தூக்கி வைச்சிருக்கிற நம்பிக்கையில போகாதேங்க. தடிச்ச மரக்கட்டையோ ஸ்டாண்டோ வையுங்க. சீமெந்துக் கல்ல அடுக்கி வைக்கிறத நிறைய இடத்தில பாத்திருக்கிறன், அந்தக் கல்லு ஒருக்கா வெடிச்சா வெடிச்சதுதான். தடிச்ச கையுறை கட்டாயம். கை வெட்டுப்பட்டா ரத்தத்த அமத்திப் பிடிச்சுக்கொண்டு 1990க்கு அடியுங்க, அம்புலன்ஸ் வரும்.

டெக் உண்மையா இறுகித்தான் இருக்கா எண்டு எப்பிடித் தெரியும்?

இந்தக் கேள்விய கேக்கிறவன் பாதி பாஸ் ஆகிட்டான். ஏனெண்டா எனக்கு வாற ஃபோன்ல கொஞ்சப் பேருக்கு டெக் இறுகவே இல்ல.

ஒண்டு, நிறைய சின்ன ட்ரக்டர்ல பீரீஓவ ஓஃப் பண்ணின உடன உள்ளுக்க ஒரு பிரேக் ஷாஃப்ட்டப் பிடிச்சுக்கொள்ளும், பிளேட் கெதியா நிக்கோணும் எண்டதுக்காக. அப்ப நீங்க குனிஞ்சு பிளேட்டக் கையால திருப்பினா திரும்பாது, உடன "ஐயோ இறுகிட்டு" எண்டு டெக்க முழுக்கக் கழட்டித் துண்டு துண்டாப் போட்டிட்டு என்னக் கூப்பிடுவாங்க. பீரீஓ ஷாஃப்ட்டக் கழட்டி எடுத்துட்டுத் திருப்பிப் பாத்தாத்தான் உண்மை தெரியும்.

மற்றது, பீரீஓவப் போட்ட உடன எஞ்சின் நிக்கிற கதை. எப்பிடி நிக்குது எண்டு காதால கேளுங்க. திணறி, கறுப்புப் புகை விட்டு, முக்கி முக்கி நிண்டா அங்க பாரம் இருக்கு, இறுக்கம்தான். சாவிய நூத்த மாதிரி டப் எண்டு சுத்தமா நிண்டா அது சீட்டுக்குக் கீழ உள்ள சுவிட்ச்சாத்தான் கூட இருக்கும், ஆள் சீட்டில இல்ல எண்டு மெசின் நினைச்சுக்கொண்டு நிப்பாட்டுது. உப்புக்காத்தில அந்த வயர் சொக்கெட் பச்சை பூத்துக் கிடக்கும், கழட்டித் துடைச்சுப் போட்டா சரிவரும். சுவிட்ச்ச விட்டுட்டு வயர நேர தொடுத்துவிடச் சொல்லிக் கேக்காதேங்க, நான் செய்யமாட்டன்.

சரி, ஷாஃப்ட்டக் கழட்டியாச்சு, இன்னமும் சுத்துதில்ல. எதில பிழை எண்டு எப்பிடிப் பிடிக்கிறது?

ஒவ்வொண்டாப் பிரிச்சுக்கொண்டு போறதுதான், வேற மந்திரம் இல்ல. பெல்ட்ட இழுத்துப் பிடிச்சிருக்கிற ஸ்பிரிங்க கவனமாத் தளத்திப் பெல்ட்ட எடுங்க, அந்த ஸ்பிரிங் கண்ணில அடிச்சா என்ன நடக்கும் எண்டு சொல்லத் தேவையில்ல. பெல்ட் போற பாதைய முதல்லயே ஃபோன்ல படம் எடுத்து வையுங்க, இல்லாட்டி பின்னேரம் முழுக்க அதுக்குள்ளயே நிப்பீங்க. இப்ப ஒவ்வொரு பிளேட்டயும் ஒரு தடியால தள்ளிப் பாருங்க. லேசாச் சுத்தி நிண்டா நல்லது. கரகர எண்டா பெயரிங்குக்குள்ள மண். கொஞ்சம் சுத்தி டங் எண்டு அதே இடத்தில நிண்டா பிளேட் எதிலயோ இடிக்குது, இல்லாட்டி வளைஞ்சு கிடக்கு. அசையவே இல்லாட்டி ஒண்டு சுத்திக் கிடக்கு, இல்லாட்டி துரு. பிளேட் எல்லாம் ஓடுது எண்டா ஐட்லர் கப்பிய, அதாவது பெல்ட்ட இறுக்கிப் பிடிக்கிற கப்பிய, திருப்பிப் பாருங்க, அதுவும் ஓடினா மிச்சம் கியர் பொக்ஸ்தான்.

கியர் பொக்ஸ் மூடியக் கழட்டி எண்ணெயப் பாருங்க, பால்தேத்தண்ணி நிறத்தில இருந்தா தண்ணி போயிட்டு. அத முழுக்க வடிச்சு, புதுசா கியர் ஒயில் விட்டு, சீல்ல மாத்தினாத்தான் கதை முடியும். என்ன நம்பர் ஒயில், எவ்வளவு எண்டு மெசின்ட புத்தகத்தில இருக்கு, கனக்க மெசினுக்கு 80-90 எண்ணெய்தான்.

கடற்கரைப் பக்கம் வெட்டினா ஏன் அடிக்கடி நிக்குது? உள்ளூர்க்காணியில இப்பிடி இல்லயே.

தங்கூசி, அதாவது மீன்பிடிக்கிற நைலோன் நரம்பு. வேற ஒண்டும் இல்ல. அலை கொண்டுவந்து போடுற வலைத்துண்டு, நைலோன் கயிறு, தூண்டில் நூல் எல்லாம் காத்தோட புல்லுக்குள்ள வந்து ஒளிஞ்சு கிடக்கும், ட்ரக்டர்ல இருந்து பாத்தா கண்ணுக்கே தெரியாது. தங்கூசி வலை நாட்டில தடை செய்தது எண்டு பேர்தான், அது கடலுக்குள்ளயும் கிடக்கு என்ட டெக்குக்குள்ளயும் கிடக்கு.

இதில கவனிக்கவேண்டிய விசயம் என்னெண்டா தும்புக்கயிறு சுத்தினா அது இறுகும், வெட்டினா வந்துரும். தங்கூசி அப்பிடி இல்ல. பிளேட்டுக்கும் ஸ்பிண்டில் கூட்டுக்கும் நடுவில போய்ச் சுத்தி, அந்த உராய்வுச் சூட்டில உருகி, ஆறின பிறகு கண்ணாடி வளையல் மாதிரி ஒரு வளையமா இறுகிக் கிடக்கும். கத்தியால சுரண்டிச் சுரண்டித்தான் எடுக்கோணும். கொழுக்கிக் கத்தி, பழைய வெட்டரிவாள் நுனி எண்டு ஒவ்வொருத்தர் ஒவ்வொண்டு பாவிப்பாங்க, எனக்கு நல்லாச் சரிவந்தது மீன் வெட்டுற சின்னக் கத்திதான். நெருப்பு வைச்சு உருக்காதேங்க. உள்ள றப்பர் சீல் இருக்கு, காய்ஞ்ச புல்லு இருக்கு, மேல டீசல் டாங்க் இருக்கு.

எடுத்தாச்சு எண்டு உடன பூட்டி ஓடாதேங்க. அந்தத் தங்கூசி உள்ளுக்கப் போகேக்க பெயரிங்ட சீல்லையும் வெட்டிக்கொண்டுதான் போகும். அண்டைக்கு டெக் ஓடும், நீங்களும் சந்தோசமாப் போவீங்க, ரெண்டு கிழமைக்குப் பிறகு அந்தக் கீறலுக்குள்ளால கடல் மண் போய் பெயரிங் முழுக்கக் கரகரத்து இறுகிரும். அப்ப ஃபோன் அடிச்சு "நீங்க போன முறை சரியாத் திருத்தேல்ல" எண்டு சொல்லுவீங்க. பிளேட்டக் கழட்டி, கீழ் சீல்ல விரலால தடவிப் பாத்திட்டுப் பூட்டுங்க.

தென்னங்காணியில வெட்டுறன். என்ன கவனிக்கோணும்?

குரும்பட்டி சின்னதா இருந்தா நொறுங்கிரும். நடுத்தரமா, கைப்பிடிக்குள்ள அடங்குற அளவு கிடக்கிறதுதான் கரைச்சல், அது பிளேட்டுக்கும் டெக் விளிம்புக்கும் நடுவில ஆப்பு அடிச்ச மாதிரி இறுகி நிக்கும். தடியால பின்பக்கமா, பிளேட் சுத்துற திசைக்கு எதிரா தள்ளுங்க, வந்துரும். பன்னாடையும் பொச்சுத் தும்பும் ஸ்பிண்டில்ல தலைமுடி மாதிரிச் சுத்தும். மட்டைய நான் எப்பவும் முதல் பொறுக்குவிச்சுட்டுத்தான் ஏறுவன், காணிக்காரர் "அது அரைஞ்சு பசளையாப் போயிரும் தம்பி" எண்டு சொன்னாலும் கேக்கமாட்டன், அரையப்போறது என்ட பிளேட்.

மாடு கட்டுற முளையும் கயிறும் புல்லுக்குள்ள இருக்கா எண்டு ஒருக்கா நடந்து பாருங்க.

மாரிக்கு கொட்டிலுக்குள்ள வைச்சிருந்தன், நனையவே இல்ல. எப்பிடி இறுகும்?

மழையில நனையாட்டியும் உப்புக்காத்து கொட்டிலுக்குள்ள வரும். ஐப்பசி தொடக்கம் தை மட்டும் இஞ்ச காத்தில எந்த நேரமும் ஈரம். அதுக்கு மேல நீங்க கடைசியா வெட்டின பச்சைப் புல்லக் கழுவாம அப்பிடியே வைச்சிருப்பீங்க, அந்தப் புல்லு டெக்குக்கு அடியில சாணித்தட்டு மாதிரி ஒட்டி, ஈரத்தப் பிடிச்சு வைச்சுக்கொண்டு, மூண்டு நாலு மாசம் இரும்பத் திண்டுகொண்டே இருக்கும். துரு இரும்ப விட இடம் கூடப் பிடிக்கிற சாமான், ஷாஃப்ட்டுக்கும் கூட்டுக்கும் நடுவில மயிரிழை இடைவெளிதான் இருக்கு, அதுக்குள்ள துரு பொங்கினா இறுகாம என்ன செய்யும்.

இந்த இறுக்கத்துக்குச் சுத்தியல் எடுக்காதேங்க. அடியில ஒட்டின புல்ல மரத்துண்டால சுரண்டி எடுத்துட்டு, ஸ்பிண்டில்ட மேல் பக்கமும் கீழ் பக்கமும் டபிள்யூடி-40 மாதிரி ஊறுற எண்ணெய் ஏதாவது அடிச்சு, ஒரு இரவு விடுங்க. காலம திருப்பியும் அடிச்சு, பிளேட்டக் கொஞ்சம் முன்னுக்குக் கொஞ்சம் பின்னுக்கு எண்டு ஆட்டுங்க. ஒரே பக்கமாப் பலவந்தப்படுத்தினா துருத் தூள் போய் இன்னும் இறுகும், முன்னும் பின்னுமா ஆட்டினா தூளாகி வெளிய வரும். ரெண்டு நாள் பொறுமையா இருந்தா பாதிக்கு மேல உயிர் வந்துரும். வந்த பிறகு கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் அடிக்கிற சின்ன வாய்) இருந்தா பழைய கிரீஸ் வெளிய தள்ளுமட்டும் அடியுங்க.

பெயரிங் போயிட்டு எண்டு சொல்றாங்க. என்ன பெயரிங் வாங்கிறது?

பழசக் கழட்டி அதில அடிச்சிருக்கிற நம்பரப் பாருங்க. டெக் ஸ்பிண்டில்ல கூட வாறது 6203, 6204, 6205 இந்த மூண்டில ஒண்டு. நம்பர் அழிஞ்சிருந்தா அளந்து பாருங்க: உள் ஓட்டை 17 மில்லிமீட்டரும் வெளிச்சுத்து 40உம் எண்டா 6203, 20உம் 47உம் எண்டா 6204, 25உம் 52உம் எண்டா 6205. இது மோட்டர் சைக்கிள், தண்ணி மோட்டர் எல்லாத்துக்கும் வாற சாதாரண பெயரிங்தான், டவுனிலயே எடுக்கலாம், கம்பெனிப் பெட்டியில வாறதுக்கு ஏன் கூடக் காசு குடுப்பான். டெக்கிட கூடு, கப்பி மாதிரிச் சாமான் எண்டாத்தான் கொழும்புக்கு ஆள விட்டு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகள்ல தேடவேண்டி வரும், அதுக்கும் பழசக் கையில குடுத்து விடுங்க, வாயால சொல்லி அனுப்பினா வேற ஒண்டுதான் வரும்.

நம்பருக்குப் பின்னால உள்ள எழுத்துத்தான் முக்கியம். இசட் இசட் எண்டா ரெண்டு பக்கமும் தகர மூடி, 2 ஆர் எஸ் எண்டா ரெண்டு பக்கமும் றப்பர் சீல். கடல் மண்ணுக்குத் தகர மூடி நிக்காது. 2 ஆர் எஸ் வாங்குங்க. ஆனா உங்கட ஸ்பிண்டில்ல கிரீஸ் நிப்பிள் இருந்தா, ரெண்டு பக்கமும் சீல் உள்ள பெயரிங்குக்குள்ள நீங்க அடிக்கிற கிரீஸ் போகவே போகாது. அப்பிடி எண்டா உள்பக்கத்து சீல்ல மட்டும் ஊசியால கிளப்பி எடுத்துட்டுப் பூட்டுவம், வெளிப்பக்கத்து சீல் மண்ண மறிக்கும், உள்பக்கத்தால கிரீஸ் போகும்.

பூட்டேக்க கூட்டுக்குள்ள இறக்கிறதெண்டா வெளி வளையத்தில அடிக்கோணும், ஷாஃப்ட்டில ஏத்துறதெண்டா உள் வளையத்தில அடிக்கோணும். மாறி அடிச்சா அந்த அடி குண்டுக்குள்ளால போகும், புதுப் பெயரிங் பூட்டுற அண்டைக்கே பழசு. ஷாஃப்ட்ட ஒரு இரவு ஃப்ரிட்ஜ்ட ஐஸ் தட்டில வைச்சு, கூட்டச் சுடுதண்ணிக்குள்ள போட்டெடுத்தா வெண்ணெய் மாதிரி இறங்கும். வீட்டில கேட்டிட்டு வையுங்க, நான் மீனுக்குப் பக்கத்தில வைச்சு ஏச்சு வாங்கினனான்.

புதுப் பெயரிங் போட்டும் பிளேட் போல்ட்ட இறுக்கின உடன திருப்பியும் இறுகுது. பெயரிங் போலியா?

கழட்டேக்க ரெண்டு பெயரிங்குக்கும் நடுவில ஒரு குழாய்த்துண்டு இருந்திருக்கும், அதக் காணேல்லயா எண்டு நிலத்தில தேடுங்க. அந்தக் குழாய்தான் ரெண்டு உள் வளையத்தையும் தள்ளிப் பிடிக்கிறது, அது இல்லாம போல்ட்ட இறுக்கினா ரெண்டும் ஒண்ட ஒண்டு நோக்கி நெரிபட்டு குண்டு இறுகிரும். பெயரிங்ல குறை இல்ல. குழாய் துருப்பிடிச்சுத் தேய்ஞ்சு கட்டையாகிட்டா லேத்துக்காரரிட்டக் குடுத்து அதே நீளத்துக்கு ஒண்டு கடையுங்க, கண் மட்டத்துக்கு வெட்டின தண்ணிப் பைப் துண்டப் போடாதேங்க.

பிளேட் போல்ட் கழரவே மாட்டேங்குது.

பிளேட்டுக்கும் டெக் சுவருக்கும் நடுவில ஒரு மரக்கட்டைய முண்டு குடுங்க, கையால பிடிக்கிற வேலை வேண்டாம். பிறகு மரைய வடிவாப் பாருங்க, கனக்க மெசினில சாதாரண வலது மரைதான், சிலதில இடது மரை, தெரியாம மற்றப் பக்கம் இறுக்கிப்போட்டு தலைய உடைச்ச ஆக்கள் இருக்கிறாங்க. நீளப் பிடி போட்ட சொக்கெட்தான் வேணும், வாய் திறந்த ஸ்பனர் வழுக்கி தலை வட்டமாகிரும். எண்ணெய் விட்டு ஊறவையுங்க, போல்ட் தலையில நேராச் சுத்தியலால நாலு தட்டுத் தட்டுங்க, துரு விரிசல் விடும். அதுக்கும் வராட்டி ஒரு வெல்டிங் பாஸக் கூப்பிடுங்க. வெல்டிங்குக்கு முதல் பற்றரி நெகட்டிவக் கழட்டி, ஏர்த் கிளிப்ப வெல்ட் பண்ற இடத்துக்குக் கிட்டவே போடச் சொல்லுங்க, தூரத்தில போட்டா கரண்ட் பெயரிங்குக்குள்ளால போய்க் குண்டப் பொட்டுப் பொட்டாக் கரிச்சுவிடும்.

திருப்பிப் பூட்டேக்க பிளேட்ட தலைகீழாப் பூட்டிராதேங்க, பின்பக்கம் மடிஞ்சு உயர்ந்த செட்டை டெக்குக்கு உள்பக்கம், அதாவது மேல பாத்து இருக்கோணும். சிரிக்காதேங்க, மாசத்துக்கு ஒராள் "கூர் தீட்டியும் வெட்டுதில்ல" எண்டு இதோட வருவார்.

டெக் சுத்துது, ஆனா பெல்ட் புகையுது.

ஐட்லர் கப்பிட பெயரிங் இறுகியிருக்கும். கப்பி நிக்க, பெல்ட் மட்டும் அதுக்கு மேல வழுக்கிக்கொண்டு ஓடும். அதே பெயரிங் கதைதான். பெல்ட் மாத்திறதெண்டா அகலம் பாத்து, 13 மில்லிமீட்டர் எண்டா ஏ, 17 எண்டா பி எண்டு கடையில தொங்குற சாதாரண மில் பெல்ட்ட வாங்கிப் போடுவாங்க, ஓடும், ஆனா கனநாள் நிக்காது. டெக்குக்கு கெவ்லார் நூல் போட்ட பெல்ட்தான் சரி, அடி தாங்கும், இழுபடாது.

எனக்குப் பின்னால பூட்டுற ரோட்டரி கட்டர். அதுவும் இதே மாதிரித்தானா?

பாதி. அதில பெல்ட் இல்ல, 540 பீரீஓவில இருந்து நேர கியர் பொக்ஸ். கியரக் காப்பாத்த ஷாஃப்ட்டில ஒண்டில் உடையிற போல்ட் இருக்கும், இல்லாட்டி பாரம் கூடினா வழுக்கிக் குடுக்கிற ஸ்லிப் கிளட்ச் இருக்கும். இந்த உடையிற போல்ட்டப் பற்றித்தான் எனக்குக் கோவம். அது உடையிறதுக்கெண்டே செய்த மெது போல்ட். ரெண்டு தரம் உடைஞ்ச உடன "நல்ல போல்ட்" எண்டு 8.8, 10.9 நம்பர் அடிச்ச கடும் போல்ட்டப் போட்டு விடுவாங்க, பிறகு கல்லில அடிச்சா போல்ட் நிக்கும், கியர் பொக்ஸ் உடையும். கந்தளாய், தம்பலகாமம் பக்கம் வரம்போரம் பத்தை வெட்டுற மெசின்ல இத அடிக்கடி காணுறன். புத்தகத்தில சொன்ன போல்ட்ட ஒரு பத்து வாங்கி சீட்டுக்குக் கீழ போட்டு வையுங்க.

ஸ்லிப் கிளட்ச் எண்டா அது மாரி முழுக்க நிண்ட பிறகு துருவால ஒட்டிரும், ஒட்டினா வழுக்காது, வழுக்காட்டி அது கிளட்ச் இல்ல, வெறும் இரும்பு. சீசனுக்கு முதல் ஸ்பிரிங்ட நீளத்த அளந்து எழுதி வைச்சிட்டு நட்டுகளத் தளத்தி, தட்டுகளுக்குக் குறுக்கா சோக்கால ஒரு கோடு போட்டு, பீரீஓவ ஒரு செக்கன் மெதுவாப் போட்டு நிப்பாட்டுங்க, ஷாஃப்ட்டுக்குக் கிட்ட ஒருத்தரும் நிக்கக் கூடாது. கோடு விலகியிருந்தா வழுக்குது. பிறகு அதே நீளத்துக்கு இறுக்குங்க.

டெக் சுத்துது, ஆனா மேல எழும்புதில்ல.

தூக்குற கம்பிகள்ட பின் துருவில இறுகியிருக்கும், இல்லாட்டி பீரீஓ ஷாஃப்ட் ஒண்டுக்குள்ள ஒண்டு வழுக்கவேண்டியது துருவில ஒட்டியிருக்கும். ரெண்டாவத விடாதேங்க, தூக்கிற நேரம் அது உள்ளுக்கப் போகாம கியர் பொக்ஸ்ட பெயரிங்கத் தள்ளும். கழட்டி இழுத்து, துடைச்சு, கிரீஸ் பூசிப் போடுங்க.

ஒரு இரும்பில அடிச்சுது, நெருப்புப் பொறி பறந்துது. இப்ப ஆடுது.

உடன நிப்பாட்டுங்க, ஆட ஆட வெட்டாதேங்க. பிளேட் நுனியில இருந்து டெக் விளிம்புக்கு உள்ள தூரத்த அளந்து, அதே பிளேட்ட அரைச் சுத்துத் திருப்பி மற்ற நுனியையும் அதே இடத்தில அளந்து பாருங்க. பிளேட்ட மாத்திப்போட்டும் வித்தியாசம் வந்தா ஸ்பிண்டில் வளைஞ்சிருக்கு. வளைஞ்ச ஸ்பிண்டில்ல நிமித்திப் போடுறதுக்கு நான் எதிர், லேத்தில புதுசா ஒண்டு கடைஞ்சா நிம்மதி.

2004 சுனாமியில இடிஞ்ச மதில், கொங்கிறீட் கம்பி எல்லாம் கடற்கரைக் காணிகள்ல மண்ணுக்குக் கீழ கிடந்து மழைக்கு மழை மேல வருது. புதுக் காணியெண்டா முதல் தரம் டெக்க உயர்த்தி வைச்சு வெட்டுங்க. இன்னொண்டு, என்னெண்டு தெரியாத இரும்புச் சாமான், அதுவும் வெடிபொருள் மாதிரி ஏதாவது கண்டா காலால தட்டிப் பாக்காம தள்ளி வந்து பொலிசுக்கு, 119க்கு அடியுங்க.

ஈரப்புல்லு வெட்டலாமா?

வெட்டலாம், வெட்டினா டெக்குக்குள்ள களி மாதிரி அடையும், எஞ்சின் திணறும், இறுகினது எண்டு என்னக் கூப்பிடுவீங்க. காலம ஒன்பது பத்து மணிக்குப் பனி காய்ஞ்ச பிறகு வெட்டுங்க. எஞ்சின் வேகத்தக் குறைச்சு வெட்டுறதுதான் நிறையப் பேர் விடுற பிழை, பீரீஓ போடேக்க குறைச்சுப் போடுங்க, போட்ட பிறகு எஞ்சின் வேக மீட்டர்ல உள்ள பீரீஓ குறி வரைக்கும் கூட்டுங்க, அப்பத்தான் புல்லு வெளிய பறக்கும். மெதுவாப் போகோணும் எண்டா ஓட்டத்த மெதுவாக்குங்க, எஞ்சின இல்ல.

பழைய எஞ்சின் ஒயில டெக்குக்கு அடியில பூசினா துருப் பிடிக்காதாம், உண்மையா?

வயல் பக்கம் செய்வாங்க, அங்க ஓரளவு சரிவரலாம். கடற்கரையில அந்த ஒயில்ல மணல் ஒட்டி, அரத்தாள் மாதிரி ஆகி, சீல்லத் தேய்ச்சு விடும். கிணத்தில குடிக்கிற காணியில ஒயில் சிந்துறதும் சரியில்ல. சுரண்டி, காயவைச்சு, வருசத்துக்கு ஒருக்கா நல்ல பெயின்ட் அடியுங்க.

பிரெசர் வோசரால கழுவலாமா?

டெக்குக்கு அடியில அடியுங்க. ஸ்பிண்டில், கப்பி, பெயரிங் இருக்கிற இடத்துக்கு நேர அடிச்சா தண்ணி சீல்லத் தாண்டி உள்ளுக்கப் போயிரும். சும்மா பைப் தண்ணியே காணும். கிணத்துத் தண்ணி சவர் எண்டா கழுவினதும் கழுவாததும் ஒண்டுதான், அந்த வீட்டில நல்ல தண்ணி ரெண்டு வாளி கேட்டு வாங்குங்க. கழுவின பிறகு டெக்க 5 நிமிசம் ஓட விடுங்க, தண்ணி பறந்து போகும்.

இவ்வளவு கரைச்சல் எண்டா டெக்கே வேண்டாம் போல கிடக்கே?

திருகோணமலை டவுன்ல பிரெட்ரிக் கோட்டைக்குள்ள மான்தான் புல்லு மேயுது, அதுக்கு பெயரிங்கும் இல்ல பெல்ட்டும் இல்ல. உங்கட ஹோட்டல் முதலாளி மானுக்கு ஓமெண்டா எனக்கும் பிரச்சினை இல்ல, பூக்கண்டு மிஞ்சாது, அவ்வளவுதான்.

மாரிக்கு எப்பிடி வைச்சுட்டுப் போறது?

கடைசி வெட்டு முடிஞ்ச அண்டைக்கே சுரண்டிக் கழுவுங்க, நாளைக்கு எண்டு விட்டா அது தை மாசம்தான். நிப்பிள் எல்லாத்துக்கும் புதுக் கிரீஸ். டெக்கத் தரையில வைக்காம நாலு கட்டையில உயர்த்தி வையுங்க, சீமெந்துத் தரையும் ஈரம் குடுக்கும். ரெண்டு கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி பீரீஓவ ஒரு நிமிசம் ஓட விட்டீங்க எண்டா இந்தப் பக்கத்தில உள்ள பாதிக் கேள்வி உங்களுக்கு வரவே வராது.

பிறகு பங்குனியில எடுக்கேக்க, கை வைக்கிறதுக்கு முதல் டோர்ச் அடிச்சு அடியில பாருங்க. போன வருசம் உப்புவெளியில ஒரு டெக் ஏன் சுத்தேல்ல எண்டு குனிஞ்சு பாத்தன், நடு ஸ்பிண்டில்ல குளவி மண்கூடு கட்டியிருந்தது, அதுக்குப் பக்கத்தில காய்ஞ்ச புல்லுக்குள்ள ஒரு புடையன் பாம்பு சுருண்டு படுத்திருந்தது. அண்டைக்கு நான் ஒண்டும் கழட்டேல்ல, வீட்ட போயிட்டன்.